பூவரசங்காய் பெருக்கிய காலைகள்

எழுபதுகளில் திருத்தணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். நாள் முழுக்க யார் யாரையோ பேச வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என்னோடு பேச ஒரு ஜீவன் கிடையாது. தனியாக வீடெடுத்திருந்த பெண்ணை அந்த நெசவாளர் தெரு மரியாதையாகத் தள்ளியே வைத்திருந்தது. அந்த மரியாதை எனக்குத் திகட்டிவிட்டது.

வீட்டுக்காரர் அழகுக்காக வாசலில் ஒரு பூவரசு வைத்திருந்தார். காய் முற்றி உதிர்ந்ததும் சிவப்புப் பூச்சிகள் மொய்த்தன. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு திரிந்தன. பூச்சிக்குக்கூடத் துணை இருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. கடையில் மருந்துப்பொடி வாங்கி வந்து தூவப் போனேன்.

பக்கத்து வீட்டு நெசவாளியின் மனைவி ஓடிவந்து தடுத்தாள். என்னைவிடச் சின்னவள்.

“பொடி வேணாங்க்கா, கொழந்தைங்க வெளையாடுற எடம். பூச்சி மரத்தை ஒண்ணும் பண்ணாது. வெதையத் தின்னத்தான் வருது. காயைப் பெருக்கி எடுத்துட்டா அதுவே பூடும்.”

மறுநாள் விடிந்ததும் துடைப்பத்தோடு வந்து நின்றாள். இருவரும் பெருக்கினோம். காய்களை அள்ளித் தூரக் கொண்டுபோய் எரித்தோம். சுவரில் கூட்டமாக இருந்த பூச்சிகளைச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளினோம். கை வேலை செய்ய, வாய் ஓயாமல் பேசினாள். மாமியாரைப் பற்றி, பள்ளிப்பட்டில் இருந்த அம்மா வீட்டைப் பற்றி. அந்த அரைமணி நேரத்துக்காக நான் தினமும் சீக்கிரமே எழுந்தேன்.

மூன்று வாரத்தில் பூச்சி ஒழிந்தது. அவளும் வரவில்லை. அவளுக்கு ஆயிரம் வேலை. எனக்குத்தான் ஒன்றுமில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பெருக்குவதை நிறுத்தினேன். அது போதாதென்று, கோயில் குளத்துப் பக்கம் உதிர்ந்து கிடந்த பூவரசங்காய்களைப் பையில் அள்ளிவந்து மரத்தடியில் கொட்டினேன். பூச்சி வந்தது. அவளும் வந்தாள்.

“ஏன்க்கா, மறுபடியும் வந்துகினே கீதே?”

“தெரியலையே” என்றேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டினேன்.

நான்காம் நாள் காலை, அவள் புருஷன் தெருவில் வேட்டி நெய்வதற்கான வெள்ளைப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தார். பாவின் ஒரு முனை என் மரத்தடியில். அதில் ஏறியிருந்த பூச்சிகள் கஞ்சி தோய்க்கிற பிரஷ்ஷில் நசுங்கி, வெள்ளை நூலில் செங்கறை இழுத்தது. அவர் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தெருவே கூடியது. மரத்தை வெட்ட வேண்டும், வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் இனி இவள் என் வாசலை மிதிப்பாளா என்ற பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் தன் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

“மரம் என்னா பண்ணுச்சு? நான்தான் நடுவுல பெருக்க வராம உட்டுட்டேன். அக்கா ஒண்டி ஆளு, வேலைக்கும் போய்கினு அவங்களால எப்டி முடியும்? என் தப்புதான்.”

எல்லார் முன்னாலும் அவர் அவளைத் திட்டினார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் ஒருநாள் தவறாமல் வந்தாள். நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அவள் கதவைத் தட்டும்போதெல்லாம், உள்ளே தூங்குவதுபோல் படுத்துக் கிடந்தேன். வெளியே அவள் ஒருத்தியே பெருக்கும் சத்தம் கேட்டது.