துவக்கு விற்கிற இடத்தில் என் மனைவி நின்ற வரிசை

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஐப்பசி மாதம். ரொறன்ரோவில் மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தன. எனக்குக் கலியாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனைவி கொழும்பிலிருந்து வந்து இறங்கிய கையோடு ஸ்காபரோவில் ஒரு மண்டபம் எடுத்துத் தாலி கட்டியாகிவிட்டது. பார்க்டேலில் உயரமான கட்டடம் ஒன்றில் ஒரு படுக்கையறை வீடு. அதற்குள் ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத இரண்டு பேர். அவளுக்குக் கோப்பி பிடிக்குமா, தேநீர் பிடிக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம்.

ரெக்ஸ்டேலில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பனிக்காலம் முழுவதும், பஸ் தரிப்பில் விறைத்துப்போய் நின்ற என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். அவரிடம் நான் பட்ட கடன் அது. ஒரு வெள்ளிக்கிழமை வந்து, தன் வண்டி கராஜில் நிற்கிறது, சனிக்கிழமை ஒரு கடைக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். அதற்கென்ன, போகலாம் என்றேன். என்ன வாங்கப்போகிறீர்கள் என்று பிறகுதான் கேட்டேன். மான் வேட்டைக்குத் துவக்கு என்றார். துப்பாக்கியை எங்கள் ஊரில் துவக்கு என்போம். அந்தச் சொல்லைக் கேட்டாலே குரலைத் தாழ்த்திப் பழகிய ஆட்கள் நாங்கள்.

கார் டயரிலிருந்து கூடாரம் வரை எல்லாம் விற்கிற பெரிய கடை அது. வேட்டைக் காலம் தொடங்குமுன் பாவித்த துவக்குகளை அடுக்கி வைத்து மலிவாக விற்பார்களாம். அவருக்கு அது எங்களுடைய தீபாவளி மலிவு விற்பனை போல. எனக்கோ அன்று இரவு நித்திரை வரவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிற தமிழன், துவக்கு விற்கிற இடத்தில் நிற்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு மடி வெறுமையாக இருந்தாலும் பயம்தான்.

மனைவி தனியே வீட்டில் இருக்கமாட்டேன் என்றாள். தெருவில் தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு போனாலே யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவாள். சரி, அவளுக்கும் ஒரு குளிர் ஜக்கெட் வாங்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். எதற்குப் போகிறோம் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை. புதிதாக வந்த பிள்ளையை ஏன் வீணாகப் பயப்படுத்தவேண்டும் என்பது என் எண்ணம்.

கடைக்குள் பெண்களின் ஜக்கெட்டுகள் தொங்கிய இடத்தில் அவளை நிறுத்தினேன்.

“நீர் இதில நிண்டு பாரும். பிடிச்சதைப் போட்டுப் பாரும். நான் இவரோட அங்கால போட்டு வாறன்.”

“கெதியா வந்திடுவியளோ?”

“ஓம், ஓம். இந்தா வாறன்.”

துவக்குகள் கடையின் கோடியில், கூடாரங்களும் தூண்டில்களும் தாண்டி இருந்தன. சுவரில் கொம்போடு ஒரு மான் தலை. அதன் கீழே சங்கிலி போட்டுக் கட்டிய துவக்குகள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய விலைச்சீட்டு. வாங்குகிறவர்கள் கயிறு கட்டிய வரிசையில் நின்று, துவக்கு வைத்திருக்க அரசாங்கம் கொடுத்த அனுமதி அட்டையைக் காட்டவேண்டும். வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேர் பச்சையும் மண்ணிறமும் திட்டுத்திட்டாகக் கலந்த வேட்டை ஜக்கெட் போட்டிருந்தார்கள். என் நண்பரும்தான். ஊரில் இராணுவத்தின் அந்த நிற உடுப்பைக் கண்டால் நாங்கள் வேலி பாய்ந்து ஓடியிருப்போம்.

மீசை வைத்த ஒரு விற்பனையாளர் துவக்கைத் திறந்து, உள்ளே வெடி இல்லை என்று பார்த்துவிட்டு நண்பரிடம் கொடுத்தார். எங்கள் ஆட்கள் கத்தரிக்காயை அமத்தி அமத்திப் பார்ப்பது போல அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரப்பிடியைத் தடவினார். குழாய்க்குள் கண்ணை விட்டார். ஒன்று பிடித்துப்போனது போலும். கண்ணாடியை எடுத்துப் போடுவதற்காக, கொஞ்சம் பிடி என்று துவக்கை என்னிடம் நீட்டினார்.

நான் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மாட்டேன் என்று தலையை மட்டும் அசைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதை விற்பனையாளரிடம் கொடுத்தார். கூரையில் ஒரு கமரா இருந்தது. நான் தொடவில்லை என்பதை அது நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று, கட்டிய கையை அவிழ்க்காமல் அப்படியே நின்றேன். எனக்கு முன்னால் துவக்கோடு விற்பனையாளர். பின்னால் எட்டிப் பார்க்கிற வேட்டைக்காரர் இரண்டு பேர். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

நண்பர் இன்னும் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போவதாகச் சொன்னார். நான் மனைவியைப் பார்க்கப் போனேன். அவள் அங்கே இல்லை.

மெரூன் நிற ஜக்கெட் ஒன்று கொழுவியிலிருந்து பாதி கழன்று தொங்கியது. பக்கத்து நிரையைப் பார்த்தேன். சப்பாத்துகள் இருந்த பக்கம் பார்த்தேன். பெண்களின் கழிவறை வாசலில் நின்று, வெளியே வந்த ஒரு அம்மாவிடம் உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். டயர், பெயின்ட், சமையல் சட்டி என்று கடை முழுவதும் ஓடினேன். சேவைப் பகுதியில் இருந்த பெண் ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரைச் சொன்னாள். சொன்ன மாதிரியில் அது யாருடைய பெயர் என்று எனக்கே தெரியவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். காற்று முகத்தில் அறைந்தது. அவளோ மெல்லிய சுவெட்டரோடு வந்தவள். ஆங்கிலம் நாலு சொல் தெரியும். வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைப் பாடமாக்கச் சொல்லவேண்டும் என்று தினமும் நினைப்பேன், சொன்னதில்லை. கடைக்கு முன்னால் பெரிய தெரு, பஸ்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் ஏறிவிட்டாளா? கொழும்பில் இருக்கிற மாமாவுக்கு என்ன சொல்வது? ஒரு மாதத்துக்குள் உங்கள் பெட்டையைத் துலைச்சுப்போட்டன் என்றா? அழுகை வருமாப்போல இருந்தது. நண்பரையும் கூட்டிக்கொண்டு தேடலாம் என்று திரும்ப உள்ளே ஓடினேன்.

அங்கேதான் அவளைக் கண்டேன். துவக்கு வரிசையில்.

வேட்டை ஜக்கெட் போட்ட இரண்டு ஆட்களுக்கு நடுவில், வரிசையின் முன்பக்கத்தில் நின்றாள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டிருந்தாள். கண் நிலத்தில். வலது கையில் இலங்கை அடையாள அட்டை, அதாவது ஐசி. படம் வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. ஆனால் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்த எந்தத் தமிழனுக்கும் அந்த நிலை தெரியும். சில பேருக்குப் பின்னால் நின்ற நண்பர், நான்தான் ஏதோ காரணத்துக்காக அவளை அங்கே அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்துப் பேசாமல் நின்றிருக்கிறார்.

நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அதற்குள் அவளுடைய முறை வந்துவிட்டது. விற்பனையாளரின் கையில் யாருக்கோ காட்டிய துவக்கு ஒன்று இருந்தது. அவள் ஐசியைக் கண்ணாடி மேசையில் வைத்தாள்.

“மை ஹஸ்பன்ட்,” என்றாள். “குட் மேன், சேர். பிளீஸ்.”

மனிதர் முழித்தார். நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து அவள் பக்கத்தில் போனேன்.

“இஞ்சேரும், நான் இஞ்ச நிக்கிறன். ஒண்டுமில்லை. வாரும்.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் இரண்டு மணிக்கட்டுகளையும் பார்த்தாள்.

“அவிட்டு விட்டிட்டாங்களோ?”

“ஆர் அவிட்டு விடுறது? இது கடை. துவக்கு விக்கிற கடை.”

“நீங்கள் ஐசி காட் காட்டினனீங்களோ?”

“இல்லை, நான் ஏன்...”

“காட்டுங்கோ. காட்டாம வரக்கூடாது. நீங்கள் காட்டிப்போட்டு வந்தாத்தான் நான் இதில இருந்து அசைவன்.”

குரல் நடுங்கியது. கால் மட்டும் நட்டு வைத்தது போல நின்றது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எனக்கு வெட்கத்தில் வேர்த்துக் கொட்டியது, கோபமும் வந்தது. நண்பர் முன்னால் வந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். எங்கள் நாட்டில் இப்படி உடுப்புப் போட்டவர்கள் துவக்கோடு நின்றால் அட்டையைக் காட்டாமல் போக முடியாது, என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாள் என்று சொன்னேன்.

அவர் குனிந்து தன் ஜக்கெட்டைப் பார்த்தார். அதைக் கழற்றி, உட்பக்கம் வெளியே வரும்படி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். பிறகு மேசைக்கு மேலாகச் சாய்ந்து விற்பனையாளரின் காதில் ஏதோ சொன்னார்.

விற்பனையாளர் கையிலிருந்த துவக்கைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார். திரும்பி வந்து, இரண்டு உள்ளங்கைகளும் தெரியும்படி மேசையில் வைத்தார். ஐயா, உங்கள் அட்டையைத் தயவுசெய்து காட்டுங்கள் என்று என்னிடம் கேட்டார்.

நான் கார் ஓட்டும் அனுமதிப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம்தான் எனக்கு வேறு ஒரு பயம் பிடித்தது. இந்த நாட்டில் எல்லாம் சரி என்பதற்குத் தலையை ஆட்டுவார்கள். எங்கள் ஊரிலோ தலையாட்டி என்றால் முகமூடியோடு உட்கார்ந்திருந்து ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன். அவன் தலையை ஆட்டினால் வரிசையில் நின்றவன் வீட்டுக்குப் போகமாட்டான். ஐயா, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், தலையை மட்டும் ஆட்டிவிடாதேயுங்கோ என்று மனதுக்குள் கும்பிட்டேன். கடைக்குள் நின்ற எனக்கே, அது கடை என்பது அந்த நேரம் மறந்துபோனது.

அவர் ஆட்டவில்லை. இரண்டு அட்டைகளையும் சேர்த்து அவளுடைய கையில் கொடுத்து, நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். கோ, ஹோம் என்ற இரண்டு சொல்லும் அவளுக்கு விளங்கின. அவளுடைய தோள் இறங்கியதை நான் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் நண்பரும் தன் அனுமதி அட்டையைக் காட்டிவிட்டு வந்தார். துவக்கு வாங்கவில்லை. வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நடந்ததை அவள் காரில் போகும்போது சொன்னாள். நான் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். தூரத்திலிருந்து அவள் கண்டது, துவக்குக்காரன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற என்னை. பயத்தில் கூடாரம் ஒன்றுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டு எட்டிப் பார்த்தால், என்னைக் காணவில்லை. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

“அப்ப நீர் ஏன் வெளியில ஓடேல்லை?” என்று கேட்டேன்.

அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். வன்னியிலிருந்து வந்த வழியில் ஒரு சோதனைச் சாவடி. வரிசையில் இவள் முன்னால், தம்பி பின்னால். இவளுடைய ஐசியைப் பார்த்துவிட்டுப் போ என்றார்கள். திரும்பிப் பார்த்தால் சந்தேகப்படுவார்கள் என்று எல்லாரும் சொல்லியிருந்தபடியால், திரும்பாமல் நடந்திருக்கிறாள். பஸ் நின்ற இடத்தில் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாளாம். தம்பி வரவேயில்லை.

“அண்டைக்கு நான் திரும்பிப் போய் வரிசையில நிண்டிருக்கவேணும்,” என்றாள்.

தம்பி காணாமல் போனது தெரியும். இப்படி என்று தெரியாது. பின்சீட்டில் இருந்த நண்பருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வழியில் ஒரு கோப்பிக் கடையைக் கண்டு நிறுத்தச் சொன்னார். அவளுக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் கோப்பி என்றேன்.

“தேத்தண்ணி,” என்றாள் அவள்.

அந்த மெரூன் ஜக்கெட்டை அடுத்த நாள் நான் தனியாகப் போய் வாங்கி வந்தேன். நண்பர் துவக்கை வேறு எங்கோ வாங்கியிருக்கிறார். என்னிடம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. மார்கழியில் ஒரு நாள் கடதாசியில் சுற்றிய மான் இறைச்சியோடு வீட்டு வாசலில் நின்றார். மனைவி வறுத்த தூள் போட்டுப் பிரட்டல் கறி வைத்தாள். மனிதர் மூக்கைச் சிந்திச் சிந்தி, இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்றும் விமான நிலையத்தில் அவள் முதலில் சோதனை முடித்துப் போனால், அந்தப் பக்கம் என்னைப் பார்த்தபடி திரும்பி நிற்பாள். நகருங்கள் என்று அதிகாரிகள் சொன்னாலும் நகரமாட்டாள். நானும் அன்றிலிருந்து எந்தக் கடையிலும் கையைப் பின்னால் கட்டுவதில்லை. இந்தக் கதையைச் சொன்னால் சில பேர், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிப்பார்கள். பேய்தான் என்று முழுதாக நம்பிக்கொண்டே, ஒரு மாதம்கூடப் பழகாத எனக்காக அதன் முன்னால் போய் வரிசையில் நின்றவளை நினைத்தால், அவளுக்கு ஏற்றவனாக நான் நடந்திருக்கிறேனா என்ற கேள்விதான் இன்றுவரை எனக்கு வருகிறது.