சாடையாய்க் காட்டிய இரத்தம்

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கினால் யோகலிங்கம் உடனே குடிக்க மாட்டார். மணிக்கட்டை மட்டும் அசைத்து, ஒரே அளவான சின்ன வட்டங்களாக நாலு நிமிடம் சுழற்றுவார். தேத்தண்ணி விளிம்பு வரை ஏறி, ஒரு துளியும் சிந்தாமல் இறங்கும். “லாப் மாஸ்டர், என்ர தேத்தண்ணியில என்ன வருத்தம் கண்டனீர்?” என்பார் மல்லாவிச் சந்திக் கடைக்காரர் ஐயாத்துரை. “சீனி இல்லாத வருத்தம்” என்பார் இவர். கடை சிரிக்கும்.

இந்தக் கைப்பழக்கம் தொண்ணூற்றாறில் வந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரி லாபில் இரத்தத் தட்டை மெசின் சுற்றியது. அது சுற்றி முடியும் வரை இவர் பேப்பர் வாசித்தார். இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்த பிறகு மின்சாரமில்லை. ஓலைக் கொட்டில்தான் லாப். கர்ப்பிணிகளின் இரத்தத்தில், படுக்கையில் தொற்றும் மேகநோய் இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடித் தட்டைக் கையாலேயே சுழற்றப் பழகினார். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழிருக்கும் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். துகள்கள் மணல் தூவினாற்போலப் பரந்திருந்தால் ஒன்றுமில்லை. கட்டி கட்டியாகத் திரண்டிருந்தால் நோய். இரண்டுக்கும் நடுவே இலேசாகத் திரண்டு நிற்பதும் உண்டு. அதற்கு முடிவுத் துண்டில் “சாடை” என்று எழுதுவார். முகில் மூடினால், “சூரியன் லீவில போட்டார், இருங்கோ.” வெயில் வந்தால், “கரண்ட் வந்திட்டுது.”

தொண்ணூற்றெட்டு மாசியில் சுதாகரன் அப்படியொரு துண்டோடு வந்து நின்றான். மனைவி சிவரூபிக்கு ஐந்து மாதம். அவள் பெயருக்கு நேரே “சாடை”. துண்டு கிடைத்த அன்றே அவளைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். இனிக் கூட்டிவருவதா இல்லையா என்பது ஒரேயொரு பதிலில் தங்கியிருந்தது.

“யாரிட்டையிருந்து வந்ததெண்டு சொல்லுங்கோ அண்ணை.”

“இரத்தம் ஆளைக் காட்டாது, தம்பி. ஏதோ நடந்திருக்கெண்டு மட்டும் முணுமுணுக்கும்.”

யோகலிங்கம் மலேரியாப் பதிவேட்டைப் புரட்டினார். அந்த மாரி முழுக்க வன்னியில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. தையில் சிவரூபியின் பெயர் இருந்தது. மலேரியாவும் இந்தச் சோதனையைக் குழப்பும் என்று விளக்கினார். அவள்மேல் இரக்கப்பட்டுக் கதை கட்டுகிறார் என்றான் சுதாகரன். அப்படியென்றால் உம்முடைய இரத்தத்தையும் தாரும் என்றார். தனக்கென்ன வருத்தம் என்று முறைத்தவன், வாசலில் நின்ற சனம் திரும்பிப் பார்க்கவும் சட்டைக் கையை மடித்தான்.

மத்தியானம் வரை இருத்திவைத்தார். மணிக்கட்டு சுழன்றது. நிமிர்ந்து, அவன் பெயருக்கு நேரேயும் “சாடை” என்று எழுதினார். மலேரியாப் பதிவேட்டில் சிவரூபிக்கு அடுத்த வரியில் அவனும் இருந்தான். ஒரே கிழமை, ஒரே காய்ச்சல்.

“இப்ப நீர் சொல்லும். யாரிட்டையிருந்து?”

சுதாகரன் இரண்டு துண்டையும் பக்கம் பக்கமாகப் பிடித்துப் பார்த்தான். “அப்ப எங்களுக்கு வருத்தம் இல்லையோ?”

“தெரியாது. காய்ச்சலாயும் இருக்கலாம், வருத்தமாயும் இருக்கலாம். கொழும்பில எண்டால் உறுதியாய்ச் சொல்லுவினம், சண்டையில பாதை பூட்டிக்கிடக்கு. பொறுத்துப் பார்ப்பம் எண்டு டொக்டர் சொல்லுறார். ஆறு கிழமையால ரெண்டு பேரும் வாங்கோ. ஒரே சைக்கிளில வாங்கோ.”

அந்த ஒன்றரை மாதமும் லாப் மாஸ்டரின் கோப்பை நாலு நிமிடத்தையும் தாண்டிச் சுழன்றது, தேத்தண்ணி ஆறி வீணானது என்று ஐயாத்துரை பிறகு வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பங்குனிக் கடைசியில் ஒரு சைக்கிள் வந்தது. பின் கரியரில் சிவரூபி, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி. இறங்கியவள் அவனுக்குக் காத்திராமல் உள்ளே வந்தாள். இரண்டு பேரின் இரத்தத்தையும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக விட்டுச் சுழற்றினார். கண்ணை வைத்தார். இரண்டு வட்டத்திலும் மணல் தூவினாற்போலக் கிடந்தது.

முக்காலியை விட்டு எழுந்தார். சுதாகரன் முந்திக்கொண்டு வந்தான். யோகலிங்கம் கையை நீட்டி அவனை மறித்து, சிவரூபியை முக்காலியில் இருத்தி, அவளே முதலில் பார்க்கட்டும் என்று நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பிவிட்டார்.