குழியோடு கிடைத்த ஷெட்

வேனை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான், அதை எங்கே வைத்து வேலை செய்வது என்ற கேள்வி எனக்கு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓடி ஓய்ந்த பழைய வேன் அது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில் போட்டு, என்ஜினைச் சரிசெய்து, நானும் மனைவியும் கடலோர ஊர்களுக்குப் போய்வருவது என்பது திட்டம். முதுகில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவளால் பேருந்தில் அரை மணி நேரம்கூட உட்கார முடிவதில்லை. படுத்துக்கொண்டு போகலாம் என்றால் எங்கும் போகலாம். சொன்னபோது அவள் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதிர்வீட்டுக்காரரின் கார் வெளியே வர முடியாமல் நின்ற காலையில் அந்தச் சிரிப்பு நின்றது. "எடம் பாருங்க. கெடைக்கலன்னா காயலான் கடையில போட்டுடுங்க. தெருவுல யார் மொகத்துலயும் என்னால முழிக்க முடியல" என்றாள். ஒரு பேச்சை இரண்டாவது முறை சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். திருவண்ணாமலையில் காலியாக ஒரு கூரை இருந்தால் அதை அறையாக்கி யாத்ரீகர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். ஒரு ஷெட்டில் உத்தரம் வேனின் கூரையைவிடத் தாழ்வாக இருந்தது. இன்னொன்று எல்லா அளவிலும் பொருந்தியது. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் தியானம் செய்கிறவர்கள் குடியிருப்பதால் சுத்தியல் சத்தம் கூடாது என்றார்கள். சத்தமில்லாமல் தட்டலாமா என்று நான் கேட்டதாக நினைவு.

கடைசியில் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, ஒரு விவசாயியின் தகர ஷெட் கிடைத்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்க அவர் அப்பா காலத்தில் கட்டியதாம். கதவு அகலம், உயரம், மின்சாரம், பின்பக்கம் வேப்பமரத்தடியில் காலி இடம் என்று எல்லாம் சரியாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, நட்டநடுவில் தரையில் ஒரு நீளக் குழி. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க மெக்கானிக் ஷெட்டுகளில் வெட்டி வைத்திருப்பார்களே, அதேதான். சுவர்கள் கன்னங்கரேல் என்று இருந்தன. கழிவு எண்ணெய் என்று முடிவு செய்தேன். ஒரு முனை சரிவாக இருந்தது. இறங்குவதற்கு வழி. முன்பு இங்கே யாராவது பட்டறை வைத்திருந்தார்களா என்று உரிமையாளரிடம் கேட்டேன். எத்தனையோ பேர் வந்து போனார்கள் என்றார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வரும் மெக்கானிக்குக்கு மட்டும் குழி பிடிக்கவில்லை. "ஆழம் கம்மி சார். குந்திக்கினுதான் வேல செய்யணும். முன்னாடி இருந்தவன் சோம்பேறி போல" என்றார். நான் ஆள் வைத்து அதை ஆழப்படுத்தி, கறுப்பைச் சுரண்டி, உட்புறம் முழுக்க சிமெண்ட் பூசினேன். காய்ந்த பிறகு வேனை அதன்மேல் நிறுத்தி, ஸ்டாண்டுகளில் ஏற்றி, நான்கு சக்கரங்களையும் கழற்றினோம். என்ஜின் ஒரு மூலைக்குப் போனது. ஸ்பானர்களை அளவு வாரியாகச் சுவரில் மாட்டினேன். மெக்கானிக் வராத நாட்களில் கட்டிலுக்குப் பலகை அறுத்தேன். "என்ஜின் எறங்கிக் கெடக்குது, சார் மெத்தைக்கு அளவு எடுக்கறாரு" என்று அவர் ஞாயிறுதோறும் கிண்டல் செய்தார்.

அதன் பிறகுதான் எனக்குப் புரியாத காரியங்கள் ஆரம்பித்தன.

ஒரு காலை ஷெட்டைத் திறந்தபோது பின்சுவரோரம் விறகு அடுக்கியிருந்தது. முந்தின நாள் அங்கே ஒரு குச்சிகூட இல்லை. பின்கதவின் சாவி உரிமையாளரிடமும் இருக்கிறது என்பதால் அவரைப் போனில் கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார், ஒங்களுக்கு எடைஞ்சல் இல்லல்ல?" என்றார். இடைஞ்சல் இல்லைதான். விறகு எதற்கு என்பதுதான் கேள்வி, அதை அவர் காதில் வாங்கவில்லை. அடுத்து சுவரில் சுண்ணாம்பு அடித்திருந்தது. நான் மாட்டியிருந்த ஸ்பானர்களைக் கழற்றி, அடித்து முடித்து, திரும்ப மாட்டியிருந்தார்கள், அளவு வரிசை மாறாமல். திருடன் இதைச் செய்ய மாட்டான். வேறு யார் செய்வார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், கூட அவர் மருமகள். வணக்கம் சொல்லிவிட்டு வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். "நல்லாப் பூசி வச்சிருக்காரு" என்று பெரியவர் மருமகளிடம் சொல்வது கேட்டது. என்னிடம், வண்டி எப்போது நகரும் என்று கேட்டார். ஆறு மாதம் ஆகும் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "அண்ணன் தமாஷ் பண்றாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் தமாஷ் எதுவும் பண்ணவில்லை. அன்று வீட்டில் சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உரிமையாளர் ஷெட்டை வேறு யாருக்கோ விற்றுவிட்டாரா, அவர்கள் வாங்கியவர்களா, என்னை எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று மனைவியிடம் கேட்டேன். நான் வந்து பார்க்கிறேன் என்றாள்.

மறுநாள் ஸ்கூட்டரில் மெதுவாக அழைத்துப்போனேன். அவள் வேனைப் பார்க்கவில்லை. விறகைப் பார்த்தாள், சுண்ணாம்பைப் பார்த்தாள், குழியின் சரிவான முனையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது அடுப்பு."

நான் குழியின் பயனை விளக்க ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. "கல்யாணத்துல பாத்ததில்லயா? வரிசையா அண்டா ஏத்தறதுக்கு வெட்டறது. இந்தப் பக்கம் வெறகு தள்ளுவாங்க. நாளன்னிக்கு பௌர்ணமிங்க."

எங்கள் தெருவில் பௌர்ணமியன்று யாரும் வண்டியை எடுப்பதில்லை. பாலும் காய்கறியும் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுவோம். கூட்டம் என்று தெரியும், பாதையில் அன்னதானம் நடக்கும் என்று தெரியும். எந்தக் கூரைக்குக் கீழே சமைக்கிறார்கள் என்று இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. நான் ஷெட்டை எடுத்தது ஒரு பௌர்ணமி முடிந்த வாரத்தில். இந்த ஷெட்டில் மாதாமாதம் சமைக்கிறவர்களுக்கோ, பாதையோரத்தில் ஷெட் எடுக்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்கும் என்றே தோன்றவில்லை. சொந்தச் செலவில் அடுப்பைப் பூசித் தந்த பக்தன் என்று அன்று மருமகளோடு வந்த பெரியவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். சக்கரங்களை மாட்டுவது தவிர வேறு வழியில்லை, நாளைக்கு வர முடியாது, நீங்களே மாட்டுங்கள் என்றார். மறுநாள் காலை வந்தபோது சமையல் குழுவின் ஆட்கள் ஏற்கெனவே ஷெட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒரு ஆட்டோக்காரர் ஜாக்கி போட, சக்கரங்கள் ஏறின. உரிமையாளரும் வந்து தோள்கொடுத்தார். பின்கதவு வழியாக வேனைத் தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். என் சிமெண்ட்டைப் பெரியவர் விரலால் சுண்டிப் பார்த்தார். சூட்டில் வெடித்துவிடும் என்று சொல்லி, மேலே களிமண்ணைக் குழைத்துப் பூசச் சொன்னார். பூசினேன்.

அப்போது உரிமையாளரைக் கேட்டேன், நான் காலி செய்ய வேண்டுமா என்று. அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நீங்க எதுக்கு சார் காலி பண்றீங்க? மாசத்துல ஒரு நாள் வண்டி வெளிய நிக்கணும். அவ்ளோதான். பட்டற வச்சவனெல்லாம் அப்டித்தான் இருந்தான்."

அவ்வளவுதான் என்றால், ஒவ்வொரு மாதமும் கழற்றியதையெல்லாம் மாட்ட வேண்டும். அச்சையும் ஸ்பிரிங்கையும் எப்போது எடுப்பது, பிரேக்கை எப்போது பிரிப்பது? வீட்டில் உட்கார்ந்து வேலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் ஒரு பௌர்ணமி குறுக்கே வந்தது. இது நடக்காது, காயலான் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

பௌர்ணமியன்று பாதையில் போக்குவரத்தை நிறுத்துவதற்கு முன்பே போய்விட்டோம். அவள் வர வேண்டும் என்றாள். போனால் பிறகு கூட்டம் குறையும்வரை திரும்ப முடியாது. நான்கு அண்டாக்கள் அடுப்பில் ஏறின. அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குள் படுக்க இடமில்லை. வேனுக்கு அழைத்துப்போய், நான் அறுத்துப் போட்டிருந்த பலகையின்மேல் போர்வையை விரித்தேன். முதல்முறையாக அதில் படுத்தாள். வெளியே சுவருக்கு அப்பால் ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் நடக்கிற சத்தம். நான் வாசற்படியில் நின்று, நடக்காது என்பதை இப்போதே சொல்லிவிடலாமா என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"இங்க ஒரு ஜன்னல் வேணும்" என்று படுத்தபடியே இடதுபக்கத் தகட்டைத் தட்டினாள். அங்கே ஜன்னல் வைத்தால் அடுப்புப் புகை நேராக உள்ளே வரும் என்றேன்.

"பொக மாசத்துல ஒரு நாள்தான வருது" என்றாள். "மூடிக்கலாம்."

நான் சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்து, அவள் தலை இருந்த இடத்திலிருந்து அளக்கத் தொடங்கினேன்.