குழலுக்குக் கீழே ஒரு கோடு

எங்கள் மலைச்சரிவு வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள் வெர்னா ஹாட்லி. கிழக்கு டென்னசியில் அந்த வேலை லேசானதல்ல. மீட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே பாம்பு சுருண்டிருக்கும். மூடிவிட்டு நிமிர்ந்தால் யாருடைய நாயோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் முறை நாய் கடித்ததும் துப்பாக்கி வாங்குவதென்று முடிவுசெய்தாள்.

அவளுடைய அக்கா டெல்பினின் கணவர் ஹாலிஸ், சனிக்கிழமைச் சந்தையில் பழைய துப்பாக்கிகள் விற்பவர். அலுமினியக் கலவை உடம்புள்ள சின்ன ரிவால்வர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பிடிச்சுப் பாரு மச்சினி, கோழிக்குஞ்சு கனந்தான் இருக்கும்."

"சுட்டா?"

"சுட்டா கழுதை மாதிரி உதைக்கும். லேசா இருக்கிறதுக்கு அதான் விலை."

வீரியம் கூடிய தோட்டாப் பெட்டி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார். கோடை முழுக்க, தேவாலயம் விட்டதும் பழைய கல்குவாரியில் தகர டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பழகினாள்.

ஒருநாள் துப்பாக்கியைத் துடைக்கும்போது, குழல் திருகியிருக்கும் இடத்துக்குக் கீழே, உடம்பில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. எண்ணெய்த் துணியால் தேய்த்தும் போகவில்லை. நகத்தை ஓட்டினாள், தட்டியது.

டவுனில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கெம்ப், லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"விரிசல்மா. அந்த எடத்துல உலோகம் ரொம்ப மெலிசு. இந்தத் தோட்டாவை இது தாங்காது."

"பத்தவைக்க முடியாதா?"

"சூடு காட்டினா இருக்கிற பலமும் போயிரும். இனிமே இதைச் சுடாதீங்க."

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பாடு. அவரைக்காய், சோள ரொட்டி. ஹாலிஸ் ரிவால்வரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் கீறல். விடு, வேற தரேன். இதைச் சந்தையில தள்ளிடறேன்."

"யார் தலையில கட்டப்போறீங்க மாமா?"

"யாரோ வாங்குவான். உனக்கென்ன?"

"அக்கா கைப்பையில இருக்கிறது இதோட ஜோடிதானே? அதையும் பாருங்க."

டெல்பின் எழுந்துபோய்க் கைப்பையை எடுத்து வந்தாள். ஹாலிஸ் தோட்டாக்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ரிவால்வரோடு ஜன்னலோரம் போனார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வரவில்லை.

"என்னங்க?" என்றாள் டெல்பின்.

"இதுலயும் இருக்கு."

"என்ன இருக்கு? கீறலா?"

அவர் காது சிவந்துவிட்டது. "விரிசல்."

"போன வாரந்தான் இதை வச்சு என்னைச் சுடப் பழகச் சொன்னீங்க" என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்று யாரும் அதற்குமேல் சாப்பிடவில்லை.

மறுநாளே ஹாலிஸ் இரண்டையும் கெம்ப்பிடம் கொண்டுபோய், எதிரில் நின்று துண்டுதுண்டாக அறுக்கவைத்தார். மன்னிப்பு என்று வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் லேசான ரிவால்வர் யார் கொண்டுவந்தாலும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கிறார். பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார், வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டே.

வெர்னாவுக்கு எஃகு ரிவால்வர் ஒன்று கொடுத்தார். ஒரு வாரம் சுமந்தாள், கனத்தில் இடுப்பு விட்டுப்போனது. அதை வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பாம்புக்கு நீளக் கம்பும் நாய்களுக்கு பிஸ்கட்டுமாக வேலைக்குப் போகிறாள். எங்கள் வீட்டு நாய் அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவிடுகிறது.