பூதலூர் டவரில் ஹஃப்ஸா மாற்றிய ஜன்னல்

தரங்கம்பாடி ஹஃப்ஸாவைப் பெண் பார்க்க வந்த துபாய் மாப்பிள்ளை, சமைக்கத் தெரியுமா என்று கேட்டானாம். உங்களுக்கு டெசிபல் என்றால் தெரியுமா என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். சம்பந்தம் அதோடு சரி. அப்படிப்பட்டவளோடுதான் இரண்டாயிரத்து நாலில் செல்போன் டவர் டவராக அலைந்தேன். அவள் இன்ஜினியர். சிங்காரவேலு ஆகிய நான் டவரில் ஏறுகிறவன்.

அந்தத் தை மாதம் பூதலூரில் ஒரு புது டவர் வேலை செய்ய மாட்டேன் என்று அடம் பிடித்தது. அது நின்றது நடராசன் ஐயாவின் வயல் மூலையில். சுற்றிலும் சம்பா முற்றி, அறுப்புக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. எங்களுக்கு முன் சோதித்தவர்கள் கேபிளில் பல இடத்தில் பழுது என்று சொல்லிவிட்டுப் போக, சென்னை அதிகாரி முழுக் கேபிளையும் மாற்ற உத்தரவு போட்டுவிட்டார். புதுக் கேபிளோடு லாரி ரோட்டில் வந்து நின்றது. வயலை மிதிக்காமல் உள்ளே வர வழியில்லை. வழி விடுவதாக ஐயா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று மகன் சூர்யபிரகாஷ் ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தான். ஐயா கதிரையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹஃப்ஸா நெட்வொர்க் அனலைசரை மாட்டினாள். கேபிளுக்குள் சிக்னலை அனுப்பி, அது எத்தனையாவது மீட்டரில் பழுதில் முட்டித் திரும்புகிறது என்று கோடு போட்டுக் காட்டும் பெட்டி அது. திரையில் ஒரு பெரிய மேடு, இருபுறமும் குட்டி மேடுகள். வாய்க்காலில் ஒரு கல்லைப் போட்டால் சுற்றி அலை எழும்பாதா, அலையை எல்லாம் கல் என்று எண்ணிவிட்டார்கள் என்று சிரித்தாள். அந்த அலைகளை அடக்கப் பெட்டிக்குள் விண்டோ என்றொரு அமைப்பு இருக்கிறது. எனக்குப் புரியட்டும் என்று அதை ஜன்னல் என்றே சொல்வாள்.

"ஜன்னல் சரியில்ல சிங்காரம், அதான் இல்லாத பழுதெல்லாம் தெரியுது. ஜன்னல மாத்தணும்."

வாஸ்துப் பைத்தியமான ஐயா காதில் இது விழுந்து தொலைத்தது. சற்று நேரத்தில் கொத்தனார் ரெத்தினம் கடப்பாரையோடு வந்து டவர் அடியில் இருந்த கருவி அறையின் தெற்கு ஜன்னலைப் பெயர்க்க ஆரம்பித்துவிட்டார். ஈசானியத்தில் வைத்துவிடலாம் என்று ஐயா தைரியம் சொன்னார். ஹஃப்ஸா சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, அந்த ஜன்னல் இதுக்குள்ள இருக்கு. வந்து பாருங்க."

பொத்தானை அழுத்தினாள். பெரிய மேடு கொஞ்சம் அகலமானது, குட்டி மேடுகள் எல்லாம் படுத்துவிட்டன.

"ஒண்ணுதானாம்மா?"

"ஒண்ணுதாங்க. கேபிள் நல்லா இருக்கு."

நான் ஏறி, பெரிய மேடு காட்டிய இடத்து இணைப்பைத் திறந்தேன். ஐப்பசியில் பெய்து உள்ளே புகுந்திருந்த மழை என் மூக்கில் சொட்டியது. துடைத்து, புது கனெக்டர் போட்டு முறுக்கினேன். அகலமான மேட்டுக்குள் இரண்டு பழுது ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கலாம் என்பதால், ஹஃப்ஸா பழைய கூர்மையான ஜன்னலுக்கே மாற்றி இன்னொரு முறை பார்த்தாள். கோடு சமமாகக் கிடந்தது. டவர் உயிர் பெற்றது. ஹஃப்ஸா போனில் சொன்னதும் அதிகாரி லாரியைத் திரும்பச் சொன்னார். அது ரிவர்ஸ் எடுத்ததும் நான் டவர் மேலேயே விசிலடித்தேன், கீழே ரெத்தினம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டார். அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு.

ஐயா ஹஃப்ஸாவின் செல்போனை வாங்கி மஸ்கட்டுக்குப் போட்டார். வரப்பில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"நெல்லு நிக்குதுடா. நான் வரல. அறுப்புக்கு நீ வா."