அடி உருண்ட கிண்ணம்

போன வாரம் தேனி பஸ் ஸ்டாண்டில் பெரியகுளம் வண்டிக்காக நின்றிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் சிப்ஸ் தின்றுவிட்டு உறையைக் கீழே போட்டார். காற்றில் அது உருண்டு என் செருப்போரம் வந்து நின்றது. எடுத்துப் பிரித்து, உட்புறத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். வெள்ளித் தாளுக்குள் சூரியன் லேசான நீலத்தில் மங்கலாகத் தெரிந்தது. அந்த மனிதர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். ஐம்பது தாண்டிய ஆள் குப்பையைப் பொறுக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

அந்தப் பளபளப்பு அலுமினியம். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புத் தொட்டிக்குள், ஒரு பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத்தைக் காய்ச்சினால் உருகி, பிறகு ஆவியாகி, மேலே ஓடும் பிளாஸ்டிக் தாளில் பனி மாதிரி படியும். நகைப்பட்டறையில் தங்கம் உருக்குவதற்கு மூசை என்பார்களே, அதற்குப் பங்காளிதான் இந்தக் கிண்ணம். அதைச் செய்து விற்கும் சின்னக் கம்பெனி ஒன்று இருபது வருடத்துக்கு முன்பு பெரியகுளம் சாலையில் இருந்தது. எனக்கு அங்கே டிராயிங் போடும் வேலை. கூடவே, கிண்ணங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்னத் தொட்டி உண்டு, அதற்கும் நான்தான் காவல்.

பீங்கான் பொடியை மெழுகோடு பிசைந்து அச்சில் வார்ப்போம். சூளையில் வைத்ததும் முதலில் மெழுகு எரிந்து போகும். கொட்டகை முழுக்க அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை. இன்றைக்கும் கரண்ட் வந்து வீட்டில் மெழுகுவர்த்தியை ஊதினால் எனக்கு அந்தக் கொட்டகை நினைவுக்கு வந்துவிடும். கொட்டகை வந்தால் செல்வராணியும் வந்துவிடுவாள்.

ராணி சுருளிப்பட்டிக்காரி. கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்களிடம் பொடி கலக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் திராட்சைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சேர்ந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பந்தலுக்கு மருந்தடிப்பாள். திங்கட்கிழமை வரும்போது நக ஓரங்கள் நீலமாக இருக்கும். அதைப் பார்த்து நான் கேலி பேசியிருக்கிறேன். அப்போது என்னை நான் பெரிய நகைச்சுவைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிண்ணங்களுக்கு ஒரே வியாதி, விரிசல். ஒரு வாரம் தாங்காது. வாங்கியவர்கள் உடைந்ததைப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். சூடு வேகமாக ஏறுவதால்தான் வெடிக்கிறது என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராணி உடைந்த துண்டுகளை மேஜையில் பொருத்தி வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே இடத்தில் விரிசல் விட்டிருந்தன. சுவரும் அடியும் சேரும் மூலை. அடுத்த நாள் மத்தியானம் சோதனைத் தொட்டியை நிறுத்திய பிறகும் அவள் நகரவில்லை. இரும்பில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது சொன்னாள்.

"ஏறும்போது இல்லண்ணே, ஆறும்போதுதான் ஒடையுது. டிக்குனு கேட்டுச்சு."

"ஆறும்போது என்னம்மா இருக்கு?"

"மிச்சம் நிக்கிற அலுமினியம் சுவத்தப் புடிச்சுக்கிட்டு எறுகுதுல்ல. பீங்கானவிட அது ரொம்பச் சுருங்கும். சுருங்கையில சுவத்தையும் சேத்து உள்ள இழுக்குது. மூலை இருக்கப்போயி அங்கன விட்டுருது. மூலையே இல்லாமப் பண்ணிட்டா?"

உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். நான் அதைப் பார்த்து வரைந்தேன். அடியை உருட்டி, சுவரை வெளிப்பக்கம் சாய்த்து, இறுகும் உலோகம் வழுக்கி மேலே எழும்பிவிடுகிற மாதிரி. சொல்ல எளிது. முதல் வடிவம் சூளையிலேயே கோணிக்கொண்டது. அடுத்ததில் சாய்வு அதிகமாகி, உருகிய அலுமினியம் சுவரில் ஊர்ந்து வெளியே வழிந்தது. சாய்வைக் குறைத்தாள், விளிம்பில் தடிப்பைக் கூட்டினாள், பொடியை இன்னும் சன்னமாக அரைத்தாள். ஏழெட்டு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு கிண்ணம் ஒரு மாதத்தைத் தாண்டி நின்றது. அன்றைக்கு அவள் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாள். நான் மூன்று தின்றேன்.

அந்தக் கிண்ணத்தை விலைக்குக் கேட்டு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். டிராயிங்கின் கீழ் மூலையில் 'வடிவமைத்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும்.

"தம்பி, அதுல எங்க மாப்பிள்ள பேரப் போட்டுருங்க. இஞ்சினியருன்னா வாரவுக ஒரு மதிப்பாப் பாப்பாக. பொம்பளப்புள்ள பேரு கெடந்தா ரெண்டு தடவ யோசிப்பாக."

போட்டேன். ஒரு நிமிட வேலை.

வந்தவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவர் கிண்ணத்தை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, அடியை ஏன் உருட்டினீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்ததே அன்றுதான். அவர் என்னைப் பார்த்தார், முதலாளியும் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். உலோகம் இறுகுவது, சுருங்குவது, சுவரை இழுப்பது, மூலை விட்டுப்போவது, எல்லாவற்றையும் ராணி சொன்ன அதே வரிசையில், உள்ளங்கையைக் குழித்துக் காட்டி. "சார்தான் இத யோசிச்சாக" என்று மாப்பிள்ளையைக் கையும் காட்டினேன். திரும்பினால் சூளைக் கதவருகே ராணி, கையில் தட்டோடு நின்றிருந்தாள்.

அவர்கள் போன பிறகு என் மேஜைக்கு வந்தாள். "நல்லாச் சொன்னீகண்ணே. நானே இம்புட்டுத் தெளிவாச் சொல்லிருக்க மாட்டேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. செய்த வேலைக்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். முதலாளி முடியாது என்றுவிட்டார். என்னிடம் வந்தாள்.

"நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தாப் போதும்ணே. கூட இருந்து பாத்தேன்னு மட்டும் எழுதுங்க."

"பாக்கலாம்மா" என்றேன். அந்த வாரம்தான் என்னை மேனேஜர் ஆக்குவதாகப் பேச்சு. மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. வெறுங்கையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, கணக்கை முடித்துக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டாள்.

நான் மேனேஜர் ஆனேன். ஆறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு எங்கோ விருதுகூடக் கொடுத்தார்கள். மேடைக்கு வேண்டிய பேச்சை நான்தான் எழுதினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். பஸ் ஏறி சுருளிப்பட்டி போனேன். ராணி பந்தலுக்கடியில் குலை வெட்டிக்கொண்டிருந்தாள், தலையில் நரை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். கடிதத்தை நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதிருக்கீக. இத நான் இப்ப எங்கன கொண்டுபோய்க் குடுக்க?"

மடித்து என் கையிலேயே வைத்துவிட்டு, மறுபடி கத்திரியை எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது நிசம். கம்பெனியை மூடிவிட்டார்கள். கொட்டகை இருந்த இடத்தில் மஞ்சள் கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். வாங்கியவர்களெல்லாம் வெளிநாட்டிலிருந்து வேறு மாதிரிச் சட்டிகளை இறக்கிக்கொள்கிறார்கள். முதலாளி செத்துப்போனார். அந்த ஆராய்ச்சிக்கூட வேலைக்கான வயது வரம்பையும் ராணி எப்போதோ தாண்டிவிட்டாள். கடிதம் என் பீரோவில் இருக்கிறது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அத்தாட்சி கேட்பதற்குத்தான் யாரும் மிச்சமில்லை.