அண்ணனுக்குச் சவரம் செய்தவர்

ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் என் அப்பா படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் பக்கவாதம் வந்து பேச்சை இழந்த பெரியவர் ஒருவர் இருந்தார். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் அவருடைய தம்பி, தினமும் காலையில் வந்து அவருக்குச் சவரம் செய்வார். குட்டையான ஆள். விரல் இடுக்கெல்லாம் டீசல் கறை. பலகையில் ஒட்டிய தோல்வாரில் கூர் ஏற்றும் பச்சைப் பசையைத் தடவி, சவரக்கத்தியைப் புரட்டிப் புரட்டி இழுத்த பிறகுதான் அண்ணன் முகத்தில் வைப்பார்.

ஒருநாள் அண்ணனின் கண்ணில் நீர் வழிந்தது. தம்பி கத்தியைத் தன் கன்னத்தில் இழுத்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

“மயிரைப் புடிச்சு இழுக்குது சார்,” என்றார் என்னிடம். “கல்லுல தீட்டி ரொம்ப நாளாச்சு. வாருல இழுத்தா போதும்னு சோம்பேறித்தனமா ஓட்டிகினு இருந்துட்டேன். எத்தினி நாளா வலிச்சுதோ, வாயத் தொறந்து சொல்ல முடியுமா அவரால?”

“வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க,” என்றேன்.

“கண்ணு கீதே எனக்கு, பாக்கலியே சார்.” கத்தியை மடித்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் கல்லில் தீட்டிய கத்தியோடு வந்தார். தன் கன்னத்தில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணனிடம் போனார். ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, “வலிக்குதா அண்ணாத்தே?” என்று கேட்டு, அவர் கண்களையே பார்த்தபடி காத்திருந்தார்.

அப்பாவை அழைத்துக்கொண்டு நாங்கள் கிளம்பிய காலையிலும் அவர் அப்படித்தான் காத்திருந்தார். போய்வருகிறேன் என்று சொல்லி அந்தப் பார்வையைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.